கர்த்தருடைய வேளைக்குக் காத்திருப்பது எப்படி: பர்மாத் தமிழ் விசுவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கமுள்ள தமிழ்ச் சபைகளில், கையில் வந்தால் மனம் மகிழும் வசனங்களில் ஒன்று எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்று தொடங்கும் அந்த வசனத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் வீடுகள் பல. அதற்கு முந்திய பத்தாம் வசனத்தை மாட்டியிருக்கும் வீடு அரிது. பாபிலோனிலே எழுபது வருஷம் நிறைவேறின பின்பே உங்களைத் திரும்பக் கொண்டுவருவேன் என்று கர்த்தர் அதில் சொல்லுகிறார். இந்த வசனங்கள், பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எருசலேமிலிருந்து எழுதிய கடிதத்தில் உள்ளவை. கி.மு. 597இல் சிறைபிடிக்கப்பட்டுப்போன ஒரு நடுத்தர வயதுக்காரர் இந்தக் கடிதம் வாசிக்கப்படுவதைக் கேட்டிருந்தால், தாம் எருசலேமை இனிக் காணப்போவதில்லை என்பதை உடனே விளங்கிக்கொண்டிருப்பார். ஆகவே காத்திருக்கக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர் முதலில் செய்யவேண்டியது, தாம் பற்றிக்கொண்டிருக்கும் வாக்குத்தத்தத்தை அது இருக்கும் அதிகாரம் முழுவதோடும் சேர்த்து வாசித்து, அது யாருக்கு, எந்த நிலைமையில், எவ்வளவு காலத்தை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது என்று பார்ப்பதாகும்.

அதன்பின் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, இடப்பக்கத்தில் தேவன் தம்முடைய பிள்ளைகள் எல்லாருக்கும் சொல்லியிருப்பவற்றையும், வலப்பக்கத்தில் நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பவற்றையும் எழுதுங்கள். நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை என்பதும், மரித்தோர் எழுந்திருப்பார்கள் என்பதும் இடப்பக்கத்தைச் சேர்ந்தவை. மகனுக்கு மலேசியாவில் வேலை, மகளுக்கு வரன், நிலநடுக்கத்தில் விரிசல்விட்ட சுவரைக் கட்டப் பணம், வெளிநாட்டுக்குப் போன கணவர் திரும்பி வருவது ஆகியவை வலப்பக்கத்தைச் சேர்ந்தவை. வலப்பக்கத்தில் இருப்பவற்றைக் கேட்பது பாவமன்று. கேட்கும்படிதான் நமக்குக் கட்டளை. ஆனால் நாம் கேட்டதையே தேவன் சொன்னதாக எண்ணிக்கொள்ளும்போது, அது கிடைக்காத நாளில் தேவன் பொய் சொன்னதாகத் தோன்றுகிறது. விசுவாசத்தைவிட்டு விலகிப்போனவர்கள் பலரிடம் பேசிப்பார்த்தால், அவர்கள் கைவிட்டது தேவன் ஒருபோதும் கொடுக்காத ஒரு வாக்கை என்று தெரியவரும்.

தேதி சொல்லுகிறவர்களைப் பற்றி

எரேமியா இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு முந்திய அதிகாரத்திலேயே அனனியா என்னும் தீர்க்கதரிசி வருகிறான். இரண்டு வருஷத்தில் பாபிலோன் அரசனின் நுகம் முறியும், சிறைப்பட்டவர்கள் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்று அவன் ஆலயத்தில் நின்று சொன்னான். எரேமியா அவனுக்குச் சொன்ன முதல் வார்த்தை "ஆமென்" என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கர்த்தர் அப்படியே செய்வாராக என்றுதான் அவரும் சொன்னார், ஏனென்றால் அவருக்கும் அந்த ஆசை இருந்தது. ஆசை இருந்தும், அதைக் கர்த்தருடைய வாக்காக மாற்ற அவர் துணியவில்லை.

இன்று யாங்கோனிலும் மோல்மேனிலும் மின்சாரம் வரும் சில மணிநேரத்தில் கைப்பேசியைத் திறந்தால், உங்கள் கதவு இந்த மாதத்திற்குள் திறக்கும் என்று சொல்லும் ஊழியர்கள் நேரலையில் கிடைக்கிறார்கள். அவர்களுடைய வார்த்தையை நம்புவதற்கு முன்பு உபாகமம் 18:22ஐ வாசியுங்கள்; தீர்க்கதரிசி சொன்ன காரியம் நடவாமலும் நிறைவேறாமலும் போனால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை. போன வருஷம் அதே ஊழியர் சொன்னது என்ன ஆயிற்று என்று கேளுங்கள். தேதியோடு சேர்ந்து காணிக்கைத் தொகையும் வருகிறதா என்று பாருங்கள். காலங்களையும் வேளைகளையும் அறிகிறது உங்களுக்கு அடுத்ததல்ல என்று ஆண்டவர் தம் அப்போஸ்தலருக்கே சொல்லியிருக்க, நம்மிடம் மட்டும் ஒருவர் மாதக் கணக்குச் சொல்லுவது எப்படி என்று சற்று நிதானித்தாலே பாதி ஏமாற்றம் தப்பும்.

வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள்

எழுபது வருஷம் என்று சொன்ன கடிதம், அந்த வருஷங்களில் என்ன செய்யவேண்டும் என்பதையும் சொல்லுகிறது: வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்கு மணம்முடித்து வையுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள். இந்த மண்ணின் தமிழருக்கு இதைவிடப் பொருத்தமான பகுதி வேதத்தில் இல்லை என்பது என் எண்ணம். 1942இல் ஜப்பானியர் வந்தபோது அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் இந்தியாவுக்கு நடந்தவர்களுடைய பேரப்பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். 1964இல் கடைகள் அரசுடைமையாகி, மே 17ஆம் தேதி ஐம்பது, நூறு கியாத் நோட்டுகள் செல்லாமல்போனபோது, உறவினர் கப்பலேறிச் சென்னைக்குப் போக, இங்கேயே தங்கிவிட்டவர்களுடைய வீடுகள் நம்முடையவை. 1966இல் வெளிநாட்டு மிஷனரிகள் நாட்டைவிட்டுப் போகவேண்டியிருந்தபோது, சபைகளை நடத்தும் பொறுப்பு உள்ளூர்க்காரர்களின் தோளில் விழுந்தது. அவர்கள் கதவைப் பூட்டிவிட்டு நல்ல காலத்திற்காகக் காத்திருந்திருந்தால் இன்று ஞாயிறுதோறும் தமிழில் ஆராதனை இராது.

எனவே "நிலைமை சரியாகட்டும்" என்று சொல்லித் தள்ளிவைத்திருக்கும் காரியங்களை எண்ணிப்பாருங்கள். திருமணம், ஞானஸ்நானம், வீட்டுக் கூரை பழுதுபார்ப்பு, பிள்ளைக்குத் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பது, முறிந்துபோன உறவைச் சரிசெய்வது ஆகியவற்றில் எவை உண்மையிலேயே நிலைமையைப் பொறுத்தவை, எவை நம்முடைய சோர்வால் நிற்பவை என்று பிரித்து, இரண்டாம் வகையில் ஒன்றை இந்த வாரமே தொடங்குங்கள். பட்டணத்தின் சமாதானத்திற்காக ஜெபிப்பது என்பதில் தெருவிலுள்ள பௌத்தக் குடும்பமும், பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பமும் அடங்கும். 2025 மார்ச் 28ஆம் தேதி 7.7 அளவில் மாந்தலேயையும் சகாயிங்கையும் குலுக்கிய நிலநடுக்கம் யாருடைய மதத்தையும் கேட்டு வரவில்லை.

முறையிடவும் கற்றுக்கொள்ளுங்கள்

பொறுமை என்றால் வாய்திறவாமை என்று எண்ணுகிறவர்கள் 13ஆம் சங்கீதத்தை வாசிக்கவேண்டும். "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று தொடங்கி, முதல் இரண்டு வசனங்களுக்குள் தாவீது அந்தக் கேள்வியை நான்கு முறை கேட்கிறார். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. ஆறுதலான ஒரு வரியைக் கடைசியில் சேர்க்க யாரும் முயலவில்லை. ஜெபிக்க வார்த்தை வராத நாளில் இவற்றில் ஒன்றைச் சத்தமாக வாசித்து, சங்கீதக்காரனுடைய துன்பம் சொல்லப்படும் இடத்தில் உங்கள் துன்பத்தைப் பெயர்சொல்லி வையுங்கள். அரிசி விலை, ராணுவச் சேவைக்கு அழைப்பு வந்துவிடுமோ என்ற மகனைப் பற்றிய பயம், கண்ணில் ஒளி குறைந்துவரும் தாய் என்று எதையும் சொல்லலாம்.

ஜட்சனின் ஆண்டுகள்

இந்த நாட்டில் காத்திருப்பைப் பற்றிப் பேசுகிறவர், வேதத்தைப் பர்மிய மொழியில் பெயர்த்த அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சனைக் கடந்துபோக முடியாது. ஆனால் அவரைப் பற்றிப் பிரசங்கங்களில் சொல்லப்படும் கதை பெரும்பாலும் வெற்றியிலிருந்து பின்னோக்கிச் சொல்லப்படுவதால், இடையிலிருந்த ஆண்டுகளின் பாரம் தெரியாமல்போகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி அவரைக் கல்கத்தாவில் தங்கவிடவில்லை. மொரிஷியசுக்குப் போய், அங்கிருந்து சென்னைக்கு வந்து, அங்கேயும் தங்க வழியில்லாமல், அப்போது புறப்படவிருந்த கப்பல் ரங்கூனுக்குப் போவதாக இருந்ததால் அதில் ஏறினார். பிற்காலத்தில் நம் முன்னோர் கடந்த அதே கடலைக் கடந்து 1813 ஜூலை 13ஆம் தேதி அவரும் அவர் மனைவி ஆனும் இங்கே வந்துசேர்ந்தார்கள். முதல் பர்மிய விசுவாசியான மாங் நா ஞானஸ்நானம் பெற்றது 1819 ஜூன் 27ஆம் தேதி. இடைப்பட்ட ஏறத்தாழ ஆறு வருஷமும் அவர் மொழி கற்றார், மொழிபெயர்த்தார், வந்தவர்களோடு பேசினார். தம்மை அனுப்பியவர்களுக்கு எழுதிக்காட்ட ஒரு மனந்திரும்புதலும் இல்லை.

1824இல் ஆங்கிலேயருடன் போர் மூண்டபோது அவர் அப்போதைய பர்மியத் தலைநகரான ஆவாவில் சிறையிலிடப்பட்டு, ஏறத்தாழ ஒன்றரை வருஷம் விலங்கோடு இருந்தார். புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் பிரதியை ஆன் முதலில் மண்ணில் புதைத்தார். மழையில் அழிந்துவிடும் என்று பின்பு அதை எவரும் விரும்பாத கடினமான தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கணவரிடம் கொடுத்தார். கைதிகள் வேறிடத்துக்குக் கொண்டுபோகப்பட்டபோது வீசியெறியப்பட்ட அந்தப் பஞ்சுப் பொதியை மாங் இங் என்னும் விசுவாசி, உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாமலே, நினைவாக எடுத்து வைத்துக்கொண்டார். விடுதலையின் மகிழ்ச்சியும் நிலைக்கவில்லை. 1826 அக்டோபரில், ஜட்சன் வெளியூரில் இருந்தபோது ஆன் இறந்தார். ஆறு மாதத்தில் கைக்குழந்தையும் இறந்தது. அதன்பின் அவர் மனிதரைவிட்டு ஒதுங்கி, காட்டில் குடிசை போட்டு, தமக்கென்று ஒரு குழி தோண்டி அதன் அருகில் உட்கார்ந்திருந்த காலமும் உண்டு. தேவனை விசுவாசிக்கிறேன், ஆனால் அவரைக் காணவில்லை என்னும் கருத்தில் 1829இல் அவர் எழுதினார்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்த இடத்தைத்தான். அந்த மனநிலையிலிருந்து அவரை மீட்டது ஒரே இரவில் நடந்த ஓர் அற்புதம் அன்று. உணர்வு திரும்புவதற்கு முன்பே அவர் வேலைக்குத் திரும்பினார். ஒவ்வொரு அதிகாரமாக மொழிபெயர்த்து, 1834 ஜனவரியில் முழு வேதத்தையும் முடித்தார், பின்பும் பல வருஷம் திருத்தினார். இன்றும் பர்மியச் சபைகளில் வாசிக்கப்படுவது அந்த மொழிபெயர்ப்பே. இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளவேண்டிய முறை எளியது: தேவன் அருகில் இருப்பதாகத் தோன்றாத நாளிலும், நேற்று விட்ட இடத்திலிருந்து நம் கடமையைத் தொடர்வது. ஞாயிறு பள்ளி வகுப்பு எடுப்பவர் எடுக்கட்டும், நோயாளிக்குக் கஞ்சி காய்ச்சுகிறவர் காய்ச்சட்டும்; உற்சாகம் வந்தபின் செய்யலாம் என்று எதையும் நிறுத்தவேண்டாம்.

எதற்குக் காத்திருக்கக் கூடாது

கர்த்தருடைய வேளை என்ற சொல்லை நம்மில் சிலர் தவறான இடத்தில் பயன்படுத்துகிறோம். கட்டி வளர்ந்துகொண்டிருக்கும்போது மருத்துவரிடம் போகாமல் இருப்பது காத்திருத்தல் அன்று. அடிக்கும் கணவனிடமிருந்து ஒரு பெண் தஞ்சம் கேட்டு வந்தால், அவளைப் பொறுமையாயிருக்கச் சொல்லித் திருப்பி அனுப்புகிற மூப்பர், சுமக்கவேண்டாத பாரத்தை அவள்மேல் வைக்கிறார். யோசேப்பு சிறையில் இருந்தபோது, என்னை விடுவிக்கும்படி பார்வோனிடம் சொல் என்று பானபாத்திரக்காரனிடம் கேட்டார். அவன் மறந்துபோனதால் மேலும் இரண்டு வருஷம் கழிந்தது என்றாலும், கேட்டது குற்றம் என்று வேதம் சொல்லவில்லை. பவுல் தமஸ்குவில் கூடையில் இறங்கித் தப்பினார். எருசலேமில் சாட்டையடிக்குக் கட்டப்பட்டபோது தம் ரோமக் குடியுரிமையைச் சொன்னார்.

மறுபுறம், பொறுக்கமாட்டாமல் குறுக்குவழி தேடுவதும் உண்டு. வாக்குப்பெற்ற ஆபிரகாமும் சாராளும் ஆகாரைக் கொண்டு காரியத்தை முடிக்கப்பார்த்தார்கள். அந்த வலி இரண்டு குடும்பங்களைத் தொடர்ந்தது. இன்று அதே அவசரம் தரகர் வடிவில் வருகிறது. தாய்லாந்து எல்லையில் நல்ல சம்பளம் என்று கேட்டுப் போனவர்கள் மியாவடிப் பக்கத்து இணைய மோசடி முகாம்களில் அடைபட்ட செய்திகளை நாம் அறிவோம். வேலை கொடுப்பவரின் பெயர், முகவரி, ஒப்பந்தத் தாள், அங்கே ஏற்கெனவே வேலைசெய்யும் ஒருவருடைய நேரடிப் பேச்சு ஆகியவை இல்லாமல் நகையை அடகுவைத்துப் பணம் கொடுக்காதீர்கள். ஜெபித்தேன், சமாதானமாயிருந்தது என்பது மட்டும் போதுமான விசாரணை ஆகாது.

சாகவேண்டும் என்று சூரைச்செடியின்கீழ்ப் படுத்த எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும் தூக்கமும்தான். நீண்ட உபவாசம் தொடங்கும் முன்பு அதை நினைவில் வையுங்கள்.

வராமலே போனால்

எபிரெயர் 11ஆம் அதிகாரத்தைச் சாட்சிக் கூட்டத்துக்குத் தகுந்தபடி பாதியில் நிறுத்தாமல் வாசித்தால், இவர்களெல்லாரும் வாக்குத்தத்தம் பண்ணப்பட்டதை அடையாமற்போனார்கள் என்னும் முடிவுக்கு வருவோம். பவுல் தம் முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டினார். முள் நீங்கவில்லை, கிருபை போதும் என்ற பதில் வந்தது. ஆகவே உங்கள் நோட்டில் வலப்பக்கத்தில் உள்ள ஒரு காரியத்திற்கு இல்லை என்பதே பதிலாக இருக்கலாம் என்பதையும் ஜெபத்தில் ஒருமுறையாவது வாய்விட்டுச் சொல்லிப்பாருங்கள். சொல்லமுடியாவிட்டால், நீங்கள் நம்பியிருப்பது எதை என்று போதகரோடோ நம்பகமான ஒரு மூப்பரோடோ உட்கார்ந்து பேசவேண்டிய நேரம் அது.

காத்திருக்கும் இன்னொருவரைப் பார்க்கப்போகிறவர்களுக்கும் ஒரு சொல். எல்லாம் நன்மைக்கே என்று வாசலிலேயே சொல்லிவிடாதீர்கள். யோபின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். முதல் வாரம் வீடு நிறைய ஆட்கள் வருவார்கள்; மூன்றாவது மாதத்தில் யாரும் வரமாட்டார்கள். நீங்கள் போவது அந்த மூன்றாவது மாதத்தில் இருக்கட்டும். போகும்போது அவர்களுக்குத் தேவையான மருந்தின் பெயரை முன்னதாகவே கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.