பக்கத்து ஊர் தீயணைப்பு வண்டியும் ஒரு மொய் நோட்டும்: கலிபோர்னியாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிபோர்னியாவில் வீடு வாங்கும் நம்மவர்கள் பள்ளிக்கூட ரேட்டிங் பார்ப்பார்கள், வாசல் எந்தத் திசை என்று பார்ப்பார்கள், கூரை போட்டு எத்தனை வருஷம் என்று கேட்பார்கள். 911-ஐக் கூப்பிட்டால் எந்த ஊர் தீயணைப்பு வண்டி வரும் என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டுக் காப்பீட்டைப் புதுப்பிக்க முடியாது என்று கடிதம் வந்த பிறகுதான், தீப்பிடித்தால் எங்களுக்கு யார் துணை என்று யோசித்து, பக்கத்து நகரத்தோடு எங்கள் ஊர் போட்டிருக்கும் பரஸ்பர உதவி ஒப்பந்தத்தைத் தேடிப் போனேன். இங்கே அதை 'மியூச்சுவல் எய்ட்' என்பார்கள். கிட்டத்தட்ட நம் ஊர் மொய் மாதிரிதான். இன்றைக்கு உங்களுக்கு நான் செய்கிறேன், நாளைக்கு எனக்கு நீங்கள் செய்யுங்கள். என்ன, விசேஷம்தான் கொஞ்சம் வேறு.

கீழே இருக்கும் தவறுகளில் பாதி நான் செய்தவை. மீதி, நகர மன்றக் கூட்டங்களில் மற்றவர்கள் செய்யக் கண்டவை.

தப்பான கதவைத் தட்டுவது

எடுத்த எடுப்பில் சிட்டி ஹாலுக்கு எழுதிவிடுவோம். ஆனால் எல்லா நகரத்துக்கும் சொந்தத் தீயணைப்புத் துறை கிடையாது. ஃப்ரீமாண்டுக்கு உண்டு. கூப்பர்டினோவுக்கு இல்லை, அங்கே வருவது சான்டா கிளாரா கவுண்டியின் தீயணைப்புத் துறை. சான் ரமோனில் தனித் தீயணைப்பு மாவட்டமே இருக்கிறது, அதற்கு மக்கள் தேர்ந்தெடுக்கும் தனி நிர்வாகக் குழு. தெற்கே அர்வைனுக்கு, பல நகரங்கள் சேர்ந்து நடத்தும் ஆரஞ்சு கவுண்டி ஃபயர் அத்தாரிட்டி. சன்னிவேல் கதை இன்னும் சுவாரசியம்: 1950-லிருந்து அங்கே போலீஸ்காரரும் தீயணைப்பு வீரரும் ஒரே ஆள்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது யார் என்று தெரியாமல் எழுதினால், 'எங்களிடம் அப்படி ஆவணம் இல்லை' என்று உண்மையான பதிலே வரும். எதையோ மறைக்கிறார்கள் என்று நாம் கோபப்பட்டுக்கொண்டிருப்போம்.

'ஃபோயா' என்று தொடங்குவது

தகவல் சுதந்திரச் சட்டத்தின் சுருக்கப் பெயர், சினிமாவில் கேட்டுப் பழகியது. 1966-ல் வந்த அந்தச் சட்டம் மத்திய அரசு அலுவலகங்களுக்கு மட்டும்தான். நகரம், கவுண்டி, தீயணைப்பு மாவட்டம் எதையும் அது தொடாது. நம் ஊர் ஆர்டிஐ பஞ்சாயத்திலிருந்து டெல்லி வரை ஒரே சட்டம் என்பதால் நமக்கு இந்தக் குழப்பம் சுலபமாக வரும். இங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம். கலிபோர்னியாவில் அது 1968-ல் வந்த பொது ஆவணச் சட்டம். ஆர்டிஐயில் குடிமகன்தான் கேட்க முடியும், இதில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். எச்-1பி விசாவில் இருக்கிறோமே, நமக்கு எதற்கு வம்பு என்று ஒதுங்க வேண்டியதில்லை. எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணமும் சொல்ல வேண்டாம்.

இன்னொன்று, பத்தாவது நாள் ஆவணம் கைக்கு வந்துவிடும் என்று நினைப்பது. 10 நாள் என்பது, கேட்டதில் எதைத் தர முடியும், எதைத் தர முடியாது என்று அவர்கள் முடிவு சொல்வதற்கான கெடு. சில காரணங்களுக்காக அதையே இன்னும் 14 நாள் நீட்டிக்கலாம். காகிதம் அதற்கு அப்புறம்தான்.

ஒப்பந்தத்தை வாக்குறுதியாகப் படிப்பது

மாநிலம் முழுவதற்குமான தாய் ஒப்பந்தம் 1950-ல் போடப்பட்டது. படிக்க ஆரம்பித்தால் நெகிழ்ந்துபோவீர்கள், எல்லோரும் எல்லோருக்கும் உதவுவார்கள் என்று இருக்கும். கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் இன்னொன்றும் இருக்கும்: உதவுகிறேன் என்று தன் ஊர்க் கையிருப்பை அளவுக்கு மீறிக் கரைத்துக்கொள்ள எவருக்கும் கடமை இல்லை. நியாயம்தான். ஆனால் காற்று பலமாக அடிக்கிற அக்டோபர் மாதத்தில், நாலு ஊரில் ஒரே நேரத்தில் தீ என்றால், ஒவ்வொரு ஊரும் எடுத்துக்காட்டப்போவது அந்த வரியைத்தான்.

இங்கே இரண்டு சொற்களைக் கலந்துவிடுகிறோம். மியூச்சுவல் எய்ட் என்பது இவர்கள் கேட்டு, அவர்கள் சம்மதித்து வண்டி அனுப்புவது. 'ஆட்டோமேட்டிக் எய்ட்' என்பது யாரும் யாரையும் கேட்காமல், முதல் அழைப்பிலேயே முன்கூட்டி ஒத்துக்கொண்டபடி எல்லை தாண்டி வண்டி கிளம்புவது. உங்கள் தெரு ஊர் எல்லையில் இருந்தால் இந்த வித்தியாசம் சில நிமிஷங்கள். காப்பீட்டிலும் இது எட்டிப்பார்க்கிறது. ஓர் ஊரின் தீயணைப்பு வசதியை மதிப்பிட, பல கம்பெனிகள் பார்க்கும் ஐஎஸ்ஓ தரவரிசை 1 முதல் 10 வரை, 1 தான் சிறந்தது. அதைக் கணக்கிடும்போது ஆட்டோமேட்டிக் எய்டுக்கு மதிப்புக் கொடுக்கிறார்கள்.

ஆவணத்தைக் கேட்காமல் கேள்வி கேட்பது

நான் அனுப்பிய முதல் மனுவில் இருந்தது ஒரே வாக்கியம்: 'நம் ஊர் பக்கத்து ஊரை அளவுக்கு மீறி நம்பியிருக்கிறதா?' வந்த பதில் மரியாதையாக இருந்தது, ஆனால் ஒன்றும் இல்லை. இந்தச் சட்டம் இருக்கிற காகிதத்தைத் தரச் சொல்கிறது, நம் சந்தேகத்துக்கு விளக்கவுரை எழுதச் சொல்லவில்லை.

இரண்டாவது தடவை மொய் நோட்டையே கேட்டேன். அமெரிக்கத் தீயணைப்புத் துறைகள் பல ஆண்டுகள் நிரப்பிவந்த தேசியப் படிவத்தில், பெயர் என்ஃபிர்ஸ், ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு சின்னக் கட்டம் உண்டு. உதவி வாங்கினோமா, கொடுத்தோமா என்று அதில் குறிக்க வேண்டும். 1 என்றால் மியூச்சுவல் எய்ட் வாங்கியது, 2 ஆட்டோமேட்டிக் எய்ட் வாங்கியது, 3-ம் 4-ம் அதே வரிசையில் கொடுத்தது. இப்போது அதன் இடத்துக்கு நெரிஸ் என்ற புது முறை வந்திருக்கிறது. ஆனாலும் பழைய ஆண்டுகளின் கணக்கு அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. ஆகவே மனுவை இப்படி எழுதலாம்: 'இன்ன ஆண்டிலிருந்து இன்ன ஆண்டு வரை, உதவி வாங்கிய, கொடுத்த சம்பவங்களின் பட்டியல், தேதி, நேரம், வந்த வண்டியோடு.' கூடவே ஒப்பந்தம், அதன் திருத்தங்கள், எல்லா இணைப்புகள், அதை நிறைவேற்றிய கூட்டத்தில் வைத்த அலுவலர் அறிக்கை. நோயாளிகளின் பெயரும் உடல்நிலையும் இருப்பதால் தர முடியாது என்றால், அந்த வரிகளை மட்டும் மறைத்துவிட்டு மிச்சத்தைத் தரச் சொல்லுங்கள். அப்படிப் பிரித்துத் தர வேண்டும் என்பதும் சட்டம்தான்.

எப்படிக் கேட்பது என்று புரியாவிட்டால் அலுவலரையே கேளுங்கள். மனுவைத் தெளிவாக்க உதவுவது இங்கே அவர் கடமை. பல சிட்டி கிளர்க்குகள் இதில் தங்கமானவர்கள்.

தீ அணைந்த பிறகு கூட்டத்துக்குப் போவது

இந்தத் தவறுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. இந்த ஒப்பந்தங்களில் பலவும் எந்த ரகசிய அறையிலும் நிறைவேறுவதில்லை. எல்லோர் கண் முன்னாலும், 'கன்சென்ட் காலண்டர்' என்கிற பகுதியில் நிறைவேறுகின்றன. போன கூட்டத்தின் குறிப்பு, மரம் வெட்டும் கான்டிராக்ட், பூங்காவுக்குப் பெஞ்சு, இவற்றோடு ஒரு வரியாகத் தீயணைப்பு ஒப்பந்தமும் கிடக்கும். ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே வாக்கு. தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்வதற்குள் முடிந்துவிடும்.

உள்ளாட்சிக் கூட்டங்களைத் திறந்தே நடத்தச் சொல்லி 1953-ல் வந்த பிரவுன் சட்டப்படி, வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பே ஒட்டியாக வேண்டும். நமக்குக் கிடைக்கிற அவகாசம் அவ்வளவுதான். திங்கட்கிழமை இரவு கூட்டம் என்றால், வெள்ளிக்கிழமை இரவு அந்தப் பட்டியலை ஒரு தடவை புரட்டுங்கள். கன்சென்ட் பகுதியில் இருக்கும் விஷயத்தின் மேலும் பேச உங்களுக்கு உரிமை உண்டு. மன்ற உறுப்பினர் ஒருவருக்கு முன்னாலேயே எழுதி, அதைத் தனியாக எடுத்து விவாதிக்கச் சொல்லலாம். பேசக் கிடைப்பது இரண்டோ மூன்றோ நிமிஷம். அதில் உள்ளாட்சி வரலாறெல்லாம் பேசாமல் ஒரே கேள்வி கேட்பது நல்லது.

'பாதுகாப்புக் காரணம்' என்று மூடிய அமர்வில் பேசினால்? வழக்கு, பணியாளர் விஷயம், நிலபேரம், கட்டடங்களுக்கு மிரட்டல் என்று குறிப்பிட்ட சிலவற்றுக்குத்தான் கதவை மூடலாம். இரண்டு ஊர்கள் வண்டி பகிர்ந்துகொள்ளும் ஒப்பந்தம் சாதாரணமாக அந்தப் பட்டியலில் வராது.

இணைப்புகளை விட்டுவிடுவது

ஒப்பந்தத்தின் உடம்பு பொதுவாகச் சட்டத் தமிழ் மாதிரி, சாரி, சட்ட ஆங்கிலம். உயிர் கடைசிப் பக்கங்களில் இருக்கும்: எந்த ஸ்டேஷன், எத்தனை வண்டி, எத்தனை மணி நேரம் இலவசம், அப்புறம் யார் தருவது. பணத்தில் ஒரு பொறி உண்டு. பேரிடர் அறிவிக்கப்பட்டு மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பான ஃபெமா பணம் தந்தால் மட்டும் கட்டணம், இல்லாவிட்டால் இலவசம் என்று எழுதினால் ஃபெமா அதை ஏற்பதில்லை. பக்கத்து ஊருக்கு என்ன விலையோ அதேதான், மத்திய அரசு தருகிறது என்பதற்காகத் தனி விலை போடக்கூடாது.

கருவிகள் பற்றிய பக்கத்தையும் தேடுங்கள். 1904 பிப்ரவரியில் பால்டிமோர் எரிந்தபோது வாஷிங்டன், ஃபிலடெல்ஃபியா போன்ற ஊர்களிலிருந்து வண்டிகள் வந்தன. பலவற்றின் குழாய், தீயணைக்கத் தண்ணீர் எடுக்கும் தெருவோரக் குழாயான பால்டிமோர் ஹைட்ரண்டில் பொருந்தவில்லை. 1,500-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. 1991 அக்டோபரில், இங்கேயே, ஓக்லாந்து மலைத் தீயில் 25 பேர் இறந்தார்கள். ஓக்லாந்து ஹைட்ரண்டின் வாய் 3 அங்குலம், உதவிக்கு வந்த பெரும்பாலான வண்டிகளின் குழாய் இரண்டரை அங்குலம். இடையில் மாட்ட அடாப்டர் தேவைப்பட்டது.

எங்கள் ஊர் ஒப்பந்தத்தில் அந்தப் பக்கம் இல்லை. ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஃபயர் ஸ்டேஷனுக்கே போய்க் கேட்டேன். கேப்டன் சிரித்துக்கொண்டே வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்து, வரிசையாக அடுக்கியிருந்த பித்தளை வளையங்களைக் காட்டினார். சின்னவள் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்துவிட்டு, கனமாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தாள்.