அமெரிக்கக் கல்லூரி மகளிர் கால்பந்து: எண்களை எங்கே தேடுவது, எப்படிப் படிப்பது

உச்ச நிலையான முதல் டிவிஷனில் மட்டும் சுமார் 350 அணிகள். ஆகஸ்டில் தொடங்கும் சீசன் டிசம்பர் தொடக்கத்தில் முடிந்துவிடும். எல்லா ஆட்டங்களையும் பார்ப்பது நடக்காத காரியம் என்பதால் பாதி ரசனை எண்களில்தான். எண்களுக்குப் பஞ்சமில்லை, எதை எதற்கு நம்புவது என்பதில்தான் குழப்பம்.

அதிகாரபூர்வக் கணக்குக்கு, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் ஸ்டாட்ஸ்.என்சிஏஏ.ஆர்க் தளத்துக்குப் போங்கள். விளையாட்டு, ஆண்டு, டிவிஷன் மூன்றையும் தேர்ந்தெடுத்தால் அணிகளின், வீராங்கனைகளின் தரவரிசை கிடைக்கும். பலர் தடுமாறுவது ஆண்டில். அங்கே இருப்பது கல்வியாண்டு: 2024 சீசன் வேண்டுமென்றால் 2024-25ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2020 சீசனை மற்ற ஆண்டுகளோடு ஒப்பிடாமல் இருப்பதே நல்லது. பெருந்தொற்றால் பல அணிகள் வசந்த காலத்தில் ஆடின. வழக்கமான 64 அணிகளுக்குப் பதில் 48 அணிகளோடு 2021 மே மாதத்தில்தான் தேசியப் போட்டி முடிந்தது.

ஒரு குறிப்பிட்ட ஆட்டத்தைப் பற்றித் தெரிய, கல்லூரியின் விளையாட்டுத் தளத்தில் அட்டவணைப் பக்கத்தைத் திறந்து, முடிவுக்குப் பக்கத்தில் உள்ள 'பாக்ஸ் ஸ்கோரை' அழுத்துங்கள். ஷாட், கார்னர், ஃபவுல் எல்லாம் பாதி வாரியாக இருக்கும். மொத்த ஷாட் எண்ணிக்கையைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். பொதுவாக அதை எண்ணுவது சொந்த மைதானத்து அணியின் ஆட்கள். தடுக்கப்பட்ட பந்தை ஒருவர் ஷாட் என்பார், இன்னொருவர் விட்டுவிடுவார். கோலை நோக்கிய ஷாட்களைச் சரிபார்க்க வழி உண்டு: ஓர் அணி அடித்த கோல்களையும் எதிரணியின் சேவ்களையும் (கோல்கீப்பர் தடுத்தவை) கூட்டினால் அந்த எண் வர வேண்டும். 2 கோல், 3 சேவ் என்றால் 5. இடித்தால் எங்கோ பதிவு தவறியிருக்கிறது.

வீராங்கனைகளின் 'பாயிண்ட்ஸ்' கணக்கில் கோலுக்கு 2, அசிஸ்டுக்கு (கோலுக்கு வழிவகுக்கும் பாஸ்) 1. 10 கோல், 4 அசிஸ்ட் என்றால் 24. ஒரே கோலுக்கு இரண்டு பேருக்குக்கூட அசிஸ்ட் கொடுப்பது கல்லூரி வழக்கம். ஆகவே தொழில்முறை லீக் அசிஸ்டுகளோடு இவற்றை ஒப்பிடாதீர்கள். கோல்கீப்பர் விட்ட கோல்களை 90ஆல் பெருக்கி, ஆடிய நிமிடங்களால் வகுத்தால் ஓர் ஆட்டத்துக்கான சராசரி வரும்: 1,620 நிமிடங்களில் 14 கோல் என்றால் 0.78. ஆனால் முன்னால் நல்ல தடுப்பு வரிசை இருந்தால் சுமாரான கீப்பருக்கும் இது அழகாகவே இருக்கும். சேவ் சதவீதத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

2022 முதல் வழக்கமான சீசன் ஆட்டங்களில் கூடுதல் நேரம் கிடையாது. அதனால் டிராக்கள் கூடிவிட்டன. பழைய வெற்றி விகிதங்களோடு நேராக ஒப்பிட்டால் இன்றைய அணிகள் மோசமாகத் தெரியும். கான்ஃபரன்ஸ் (கல்லூரிகளின் லீக் குழு) போட்டியிலும் தேசியப் போட்டியிலும் கூடுதல் நேரம் உண்டு. அங்கே பெனால்டியில் வென்றாலும் பதிவில் அது டிராதான்.

தேசியப் போட்டிக்கு யார் தேறுவார்கள் என்று கணிக்க என்சிஏஏ வெளியிடும் ஆர்பிஐ என்ற தரவரிசைப் பட்டியலைத் தொடருங்கள். அதன் அடிப்படை: சொந்த வெற்றி விகிதத்துக்கு 25%, எதிரணிகளின் விகிதத்துக்கு 50%, அந்த எதிரணிகளின் எதிரணிகளுக்கு 25%. பலவீனமான அணியை 6-0 என்று நொறுக்கினாலும் இடம் இறங்குவதற்குக் காரணம் இதுதான். கோல் வித்தியாசம் கணக்கில் வருவதே இல்லை. சீசன் தொடக்கத்தில் இந்த எண்ணுக்கு அர்த்தம் குறைவு. கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் தொடங்கிய பிறகு பாருங்கள். கணினிக் கணக்கில் அணிகளை வரிசைப்படுத்தும் மாஸே ரேட்டிங்ஸ் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டும் பெரிதாக முரண்படும் அணிகளைக் குறித்துவைத்தால் சுவாரசியமான ஆட்டங்கள் தானாகச் சிக்கும். பயிற்சியாளர் சங்கமான யுனைடெட் சாக்கர் கோச்சஸ் வெளியிடும் வாராந்திரப் பட்டியல் பயிற்சியாளர்களின் வாக்கு மட்டுமே. பேச்சுக்கு நல்ல தீனி.

கான்ஃபரன்ஸ் பக்கங்களில் பழைய வரலாறு தேடுகிறவர்கள் 2024 மாற்றத்தை மறக்கக் கூடாது. பேக்-12 கான்ஃபரன்ஸ் கலைந்ததில் ஸ்டான்ஃபோர்ட் ஏசிசிக்கும், யுசிஎல்ஏ பிக் டென்னுக்கும் போய்விட்டன. அவற்றின் பழைய சாதனைகளைப் புதிய கான்ஃபரன்ஸின் தளத்தில் தேடாமல் கல்லூரியின் சொந்தப் பதிவேட்டில் தேடுங்கள்.