நீள ஓட்டத்தில் வயிற்றுப் புரட்டல்: குற்றவாளி இடது பாட்டில்

மூன்று வாரமாக ஒரே கதை. ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டத்தில் 18 கிலோமீட்டர் தாண்டியதும் வயிறு உப்பும், உள்ளே தண்ணீர் குலுங்குகிற சத்தம் கேட்கும், அப்புறம் குமட்டல்.

முதலில் ஜெல்லைச் சந்தேகித்தேன் (ஓடும்போதே தெம்புக்காக உறிஞ்சும், சிறு உறையில் வரும் இனிப்புக் கூழ்). வேறு வகைக்கு மாறியும் பயனில்லை. குடிப்பதைக் குறைத்தேன், குமட்டலோடு தலைவலியும் சேர்ந்துகொண்டது. வெறும் வயிற்றில் கிளம்பியது இன்னும் மோசம்.

கடைசியில் பிடிபட்டது வேறு. என் ஓட்ட வெஸ்ட்டில் (மார்பில் இருபுறமும் பாட்டில் வைக்கும் மேலுடை) வலப்பக்க பாட்டிலில் வெறும் தண்ணீர், இடப்பக்கத்தில் ஸ்போர்ட்ஸ் டிரிங்க். ஜெல் உறையை வலக்கையில் பிடித்துப் பல்லால் கிழிப்பேன். சும்மா இருக்கும் இடக்கை தானாக இடது பாட்டிலைத்தான் தேடிப்போகும்! ஜெல்லில் 25 கிராம் மாவுச்சத்து, அதன்மேல் 150 மில்லி பானத்தில் இன்னொரு 9 கிராம். ஆக, வயிற்றில் கிட்டத்தட்ட 20 சதவீதக் கரைசல். அவ்வளவு அடர்த்தியானால் இரைப்பை சீக்கிரம் காலியாகாது. குடலும் தன் பங்குக்கு உடம்பிலிருந்து நீரை இழுத்துக்கொள்ளும்.

பாட்டில்களை இடம் மாற்றி வைத்தேன், அவ்வளவுதான். ஜெல்லுக்கு வெறும் தண்ணீர். ஸ்போர்ட்ஸ் டிரிங்க் 20 நிமிடம் கழித்து. போன ஞாயிறு 26 கிலோமீட்டர் ஓடினேன், வயிறு வாயே திறக்கவில்லை.