பழைய சில்வர்ஃபேஸ் சாம்ப்பை ட்வீட் ஸ்டைல் ஆம்பா மாத்தலாம் வாங்க

ஃபெண்டர் சாம்ப் தெரியும்ல, எட்டு இன்ச் ஸ்பீக்கர் போட்ட குட்டி ட்யூப் கிட்டார் ஆம்ப். 1968லேர்ந்து எண்பதுகளோட ஆரம்பம் வரைக்கும் முன்பக்கம் வெள்ளி கலர் பேனலோட வந்ததைத்தான் சில்வர்ஃபேஸ்னு சொல்றோம். உள்ள சிக்னலைப் பெருக்க ஒரு 12ஏஎக்ஸ்7 ட்யூப், ஸ்பீக்கரை ஓட்ட ஒரு 6வி6, ஏசியை டிசியா மாத்தற ரெக்டிஃபையருக்கு ஒரு 5ஒய்3, அவ்வளவுதான். அதுக்கு முன்னாடி ஐம்பதுகள்ல ட்வீட் துணி ஒட்டி வந்த ட்வீட் சாம்ப், அதாவது 5எஃப்1 சர்க்யூட், அதுலயும் இதே மூணு ட்யூப்தான். ஆனா சவுண்டு வேற, வால்யூமை பாதிக்கு மேல திருப்பினா கெட்டியா, கரகரன்னு பாட ஆரம்பிச்சிடும். இன்னிக்கு விக்டோரியா மாதிரி பூட்டிக் கம்பெனிங்க கையால சோல்டர் பண்ணி நல்ல விலைக்கு விக்கிறது இந்த 5எஃப்1 பரம்பரையைத்தான். ரெண்டு ஆம்புக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்தை எண்ணிப் பார்த்தா ஒரு கை விரலுக்குள்ள அடங்கிடும், அதனாலதான் முதல்முதலா ட்யூப் ஆம்ப்ல கை வைக்கறவங்களுக்கு இதையே சொல்றேன்.

ஒரு வேண்டுகோள். அறுபதுகள்ல கருப்பு பேனலோட வந்த பிளாக்ஃபேஸ் சாம்ப், யாரும் தொடாம அப்படியே இருக்கற பீஸ் கையில இருந்தா அதை விட்டுடுங்க, அதுல சர்க்யூட் மாத்தறது பாவம். எழுபதுகளோட கடைசில வந்து ஏற்கனவே யாரோ கை வச்ச ஆம்பா தேடிப் பிடிங்க. அதுலயும் புதுசா ஓட்டை போடாதீங்க, கழட்டற ஒவ்வொரு பார்ட்டையும் ஒரு கவர்ல போட்டு கேபினெட்டுக்குள்ளயே ஒட்டி வைங்க, நாளைக்கு யாராவது பழையபடி ஆக்கணும்னா ஆக்கிக்கலாம்.

தொடறதுக்கு முன்னாடி

இதைப் படிக்காம கீழ போகாதீங்க. ஆம்ப் ஆஃப்ல இருந்தாலும், ப்ளக்கை பிடுங்கி வச்சிருந்தாலும், உள்ள பவர் சப்ளைல சார்ஜைச் சேர்த்து வைக்கற ஃபில்டர் கெப்பாசிட்டர்ல 400 வோல்ட் வரைக்கும் நிக்கலாம், ஆளைக் கொல்ல அது போதும். ப்ளக்கை பிடுங்கிட்டு, ரெண்டு முனையிலும் முதலைக் கிளிப் இருக்கற ஒரு வயரோட ஒரு முனையை முதல்ல சேஸிஸ்ல, அதாவது ஆம்போட உலோகப் பெட்டில, மாட்டுங்க, அப்புறம் ஒரு கையை முதுகுக்குப் பின்னாடி வச்சிக்கிட்டு இன்னொரு முனையை 12ஏஎக்ஸ்7 சாக்கெட்டோட பின் 1ல மாட்டுங்க. அந்த பின்னுக்குப் போற 100கே (100 கிலோ ஓம்) ரெசிஸ்டர் வழியா சார்ஜ் மெதுவா வடியும், பொறி பறக்காது. ஒரு நிமிஷம் விட்டுட்டு மல்டிமீட்டரை டிசி ரேஞ்சுல வச்சு ஒவ்வொரு ஃபில்டர் கெப்பாசிட்டரையும் தனித்தனியா அளங்க. பத்து வோல்ட்டுக்குக் கீழ வந்தாதான் கையை உள்ள விடணும். வேலை முடியற வரைக்கும் அந்த கிளிப் அப்படியே இருக்கட்டும், ஆன் பண்றதுக்கு முன்னாடி மறக்காம எடுத்துடுங்க.

அமெரிக்காவுல வித்த ஆம்ப்னா அது 120 வோல்ட். நம்ம ஊரு 230ல நேரா சொருகினா டிரான்ஸ்ஃபார்மர் போயிடும், அதுவும் போச்சுன்னா அந்த ஆம்போட பாதி மதிப்பு போச்சு. 230ஐ 120 ஆக்கற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும்போது எர்த் பின் உள்ளேர்ந்து வெளிய வரைக்கும் தொடருதான்னு மீட்டர் வச்சு பாருங்க, பல சீப்பான பாக்ஸ்ல எர்த் ஓட்டை சும்மா பேருக்குத்தான் இருக்கும். ஆம்புல ரெண்டு பின் பவர் கார்டு இருந்தா மூணு பின் கார்டா மாத்தி பச்சை வயரை சேஸிஸ்ல தனி போல்ட் போட்டு முடுக்குங்க, மெயின்ஸ் லைன்லேர்ந்து சேஸிஸுக்கு ஒரு கெப்பாசிட்டர் போட்டிருந்தா அதையும் கழட்டிடுங்க.

எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் எல்லாம் ஒரிஜினலா இருந்தா அதையும் இப்பவே மாத்திடலாம், வயசான கெப்பாசிட்டரை வச்சிக்கிட்டு சவுண்டு நல்லா இல்லையேன்னு பேசறதுல அர்த்தமில்ல. அதே வேல்யூ போடுங்க, ரெக்டிஃபையருக்கு அடுத்து வர்ற முதல் கெப்பாசிட்டரை ரொம்பப் பெருசாக்கினா 5ஒய்3 தாங்காது.

ஒரே ஒரு வயர், முதல் ருசி

சில்வர்ஃபேஸ்ல கிட்டார் சிக்னல் முதல் ட்யூப் ஸ்டேஜ் தாண்டினதும் ட்ரெபிள், பேஸ் கன்ட்ரோலுக்குள்ள போயிடுது, அங்கேயே பெரும்பகுதி காணாம போயிடுது, மிச்சம்தான் வால்யூமுக்கு வரும். ட்வீட்ல அந்த டோன் சர்க்யூட்டே கிடையாது. முழுசா பிரிச்சு மேயறதுக்கு முன்னாடி அந்த டோன் சர்க்யூட்டுக்கு கிரவுண்டு குடுக்கற 15கே ரெசிஸ்டரோட கிரவுண்டு பக்கத்தை மட்டும் சோல்டர் எடுத்து தூக்கி விட்டு, எதையும் தொடாதபடி ஸ்லீவ் போட்டு, ஆம்பை ஆன் பண்ணி வாசிச்சுப் பாருங்க. சிக்னல் வடியறதுக்கு வழி இல்லாம முழுசா வால்யூமுக்கு வந்துடும், மூணுல வச்சாலே கத்தும். நிறைய பேருக்கு இதுவே போதும்னு தோணிடும், அப்படித் தோணினா இங்கேயே நிறுத்திக்கறதும் நியாயம்தான்.

மேல போகணும்னா, பின் 1லேர்ந்து டோன் சர்க்யூட்டுக்குப் போற ரெண்டு வழி இருக்கு, ஒண்ணு 250 பிகோஃபேரட் கெப்பாசிட்டர், இன்னொண்ணு 100கே ரெசிஸ்டர், ரெண்டோட பிளேட் பக்கத்தையும், அதாவது பின் 1 பக்கத்தையும், எடுத்துடுங்க. அதே பிளேட்டுக்கு இன்னொரு 100கே இருக்கு, அது பவர் சப்ளைலேர்ந்து வர்றது, அதுல கை வைக்கக் கூடாது, போர்டுல ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், வயர் எங்க போகுதுன்னு விரல் வச்சு பாத்துக்கங்க. ட்ரெபிள் பாட் (நாப்புக்குப் பின்னாடி இருக்கற கன்ட்ரோல்) நடு லக்லேர்ந்து, அதாவது நடுக் காலுலேர்ந்து, வால்யூம் பாட்டுக்கு வர்ற வயரையும் எடுத்துடுங்க. இப்ப ஒரு 0.022 மைக்ரோஃபேரட், 600 வோல்ட் கெப்பாசிட்டரை பின் 1 போய்ச் சேர்ற ஐலெட்லேர்ந்து (போர்டுல சோல்டர் பண்ற உலோக வளையம்) வால்யூம் பாட்டோட இன்புட் லக்குக்கு போடுங்க. ட்ரெபிள், பேஸ் நாப் ரெண்டும் இனிமே சும்மா சுத்தும், இருக்கட்டும்.

ஃபீட்பேக்

எனக்கு இதுலயே பிடிச்ச மாற்றம் இதுதான், பேசவும் நிறைய இருக்கு. ஸ்பீக்கர்லேர்ந்து ஒரு வயர் திரும்பி ரெண்டாவது ட்யூப் ஸ்டேஜுக்கு வந்து சிக்னலைக் கொஞ்சம் அடக்கி வைக்கும். சில்வர்ஃபேஸ்ல அது 2.7கே வழியா வந்து, அந்த ஸ்டேஜோட கேத்தோடு ரெசிஸ்டருக்குக் கீழ கிரவுண்டுக்குப் போற 47 ஓம் ரெசிஸ்டர் தலைல சேரும். 5எஃப்1ல 22கே வழியா வந்து நேரா கேத்தோடுல, அதாவது பின் 8ல சேரும், அங்க 1.5கே மட்டும்தான், பக்கத்துல பைபாஸ் கெப்பாசிட்டர் (ரெசிஸ்டரைத் தாண்டி சிக்னலுக்கு வழி விடறது) கிடையாது. அதனால 47 ஓமை எடுத்துட்டு அந்த இடத்துல வயர் போடுங்க, அந்த ஸ்டேஜோட 25 மைக்ரோஃபேரட் பைபாஸ் கெப்பாசிட்டரை ஒரு கால் தூக்குங்க, 2.7கேக்கு பதில் 22கே போட்டு பின் 8க்கு கொண்டு போங்க. ஆன் பண்ணினதும் ஆம்ப் ஊளையிட்டா அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை எப்பவோ மாத்தியிருக்கலாம், அதோட வயர் தலைகீழா இருக்கலாம்.

22கே வச்சு ஒரு வாரம் வாசிங்க, அப்புறம் ஃபீட்பேக்கையே கழட்டிட்டு ஒரு வாரம் வாசிங்க. கழட்டினா சத்தம் கூடும், முரட்டுத்தனம் கூடும், லோ ஈ கம்பி கொஞ்சம் தொளதொளன்னு ஆகும். சிங்கிள் காயில் பிக்கப்புக்கு கழட்டினது எனக்குப் பிடிக்கும், ஹம்பக்கருக்கு 22கே இருந்தாதான் சகிக்கும். முதல் ஸ்டேஜ்ல பின் 3ல இருக்கற 25 மைக்ரோஃபேரட்டும் ட்வீட்ல கிடையாது, அதை வச்சிக்கறதும் எடுக்கறதும் உங்க காது சொல்றபடி.

6வி6க்கு மூச்சு விட இடம்

சில்வர்ஃபேஸ்ல வோல்டேஜ் ட்வீட்டை விட அதிகம், சவுண்டு விறைப்பா வர்றதுக்கு அதுவும் ஒரு காரணம். பவர் சப்ளைல இருக்கற 1கே, 10கே ரெசிஸ்டர்களை ட்வீட்ல இருக்கற மாதிரி 10கே, 22கேயா மாத்துங்க, ரெண்டும் 2 வாட். முதல் 10கேல ஒரு 5 மில்லியாம்ப் ஓடினாலே ஸ்கிரீன் வோல்டேஜ் 50 வோல்ட் இறங்கிடும், ட்யூபும் கொஞ்சம் இளைப்பாறும்.

அப்புறம் கணக்கு போட்டே ஆகணும். ஆன்ல அளக்கும்போது மீட்டரோட கருப்பு வயரை சேஸிஸ்ல கிளிப் பண்ணிட்டு ஒரு கையால மட்டும் அளங்க. 6வி6ல பின் 8ல, அதாவது கேத்தோடுல, 22 வோல்ட், பின் 3ல, அதாவது பிளேட்டுல, 365 வோல்ட் வருதுன்னு வைங்க. 22ஐ அந்த கேத்தோடுல இருக்கற ரெசிஸ்டரோட 470 ஓமால வகுத்தா சுமார் 47 மில்லியாம்ப், அதுல ஸ்கிரீனுக்கு ஒரு 3 போனா பிளேட்டுக்கு 44. 365ல 22 போனா 343 வோல்ட், ரெண்டையும் பெருக்கினா 15 வாட். பழைய 6வி6ஜிடிக்கு டேட்டாஷீட்ல போட்டிருக்கற எல்லை 12. இப்படி வந்தா 470க்கு பதில் 680 ஓம், 5 வாட் போட்டு மறுபடி அளந்து கணக்கு போடுங்க, 12 பக்கம் வந்துட்டா நிம்மதியா விடலாம்.

ஒவ்வொரு மாற்றத்துக்கு அப்புறமும் முதல் தடவை ஆன் பண்ணும்போது மெயின்ஸ் லைன்ல தொடரா (சீரிஸ்ல) ஒரு 60 வாட் குண்டு பல்பு போட்டுக்கங்க. பல்பு பளிச்சுன்னு எரிஞ்சு மங்கினா சரி, பளிச்சுன்னே நின்னா எங்கயோ ஷார்ட், உடனே ஆஃப். ஸ்பீக்கர் மாட்டாம மட்டும் ஆன் பண்ணவே கூடாது. எல்லாம் முடிஞ்சதும் முடிஞ்சா ஒரு 4 ஓம் பன்னெண்டு இன்ச் கேபினெட்ல சொருகி வாசிச்சுப் பாருங்க, அந்த எட்டு இன்ச் ஸ்பீக்கர் எவ்வளவு பேஸை விழுங்கிட்டு இருந்துச்சுன்னு அப்பதான் தெரியும்.