முதலில் சருகு, அப்புறம் விதை

காய்கறித் தோட்டம் போட வேண்டும் என்று யார் வந்து கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மூடாக்குக்கு, அதாவது மண்ணை மூடிப் போடும் சருகுக்கும் தழைக்கும், எங்கே போவீர்கள்? விதையும் நாற்றும் பாவூர்சத்திரத்தில் காசு கொடுத்தால் கிடைத்துவிடும். ஐம்பது சென்ட் நிலத்தை வருஷம் முழுக்க மூடி வைக்கிற அளவுக்குச் சருகும் தழையும் எந்தக் கடையிலும் கிடைக்காது. அதைச் சேர்க்கத் தெரிந்த குடும்பம் உழவும் உரமூட்டையும் இல்லாமல் காய் பறிக்கலாம்.

எங்கள் தோட்டம் கடையத்துப் பக்கம், செவல் மண். 2019-இல் நாங்கள் தென்காசி மாவட்டமாகிவிட்டோம், பேச்சில் மட்டும் இன்னும் திருநெல்வேலிதான். வேலைக்கு நானும் வீட்டுக்காரரும், கை ஒழிந்த நேரத்தில் அத்தையும். ஆகவே குனிந்து களை வெட்டுகிற வேலை எவ்வளவு குறையுமோ அவ்வளவு நல்லது.

மாசி, பங்குனியில் பிசான நெல் அறுக்கும்போதே வைக்கோலுக்குச் சொல்லி வையுங்கள். இப்போதெல்லாம் மிஷின் அறுத்த கையோடு கட்டாகக் கட்டி லாரியில் கேரளாவுக்கு ஏற்றிவிடுகிறார்கள். பிந்திப் போனால் நனைந்து கறுத்த கட்டுதான் மிஞ்சும். மாட்டுக்கு ஆகாத அந்தக் கட்டு நமக்கு ஆகும், விலையும் குறைவு. வாழைத்தோட்டத்தில் சருகு கழிக்கும் நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேலி ஓரம் முழுக்கக் கிளைரிசிடியா மரத்தின் போத்து (கிளைத்துண்டு) ஊன்றிவிட்டால் இரண்டாம் வருஷத்திலிருந்து வெட்ட வெட்டத் தழை வரும். கொழிஞ்சி என்கிற தழைச்செடியை ஆடுமாடு கடிக்காது, அதனால் தரிசில் கூடத் தைரியமாக விதைக்கலாம்.

நிலத்தை எடுத்த எடுப்பில் முழுதாக மாற்ற வேண்டாம். பத்து சென்டில் தொடங்குங்கள். சித்திரையில் ஒரு கோடை மழை விழுந்ததும் பலதானியம் விதையுங்கள். பத்து சென்டுக்கு இரண்டு, இரண்டரைக் கிலோ போதும். கம்பு, சோளம், உளுந்து, தட்டைப்பயறு, எள், ஆமணக்கு, சணப்பு, தக்கைப்பூண்டு, கடுகு, கொத்தமல்லி என எது கையில் இருக்கிறதோ அது. பலசரக்குக் கடை அண்ணாச்சியிடம் வாங்கினால் உடைக்காத, தோல் நீக்காத தானியமா என்று பார்த்து வாங்குங்கள். நாற்பத்தைந்து, ஐம்பது நாளில் பூ எடுக்கும். விதை பிடிக்கும் முன் அரிவாளால் அடியோடு அறுத்து அங்கேயே படுக்கப் போடுங்கள். வேர் மண்ணுக்குள் கிடக்கட்டும். அது மக்கும்போது விடுகிற துளைதான் உங்கள் உழவு.

விதைப்பதற்கு முன்னால் கிடை போட, அதாவது ஆட்டு மந்தையை ராத்திரி நிலத்தில் அடைக்க, முடிந்தால் விடாதீர்கள். கோடையில் செம்மறிக் கிடைக்காரர்கள் இந்தப் பக்கம் வருவார்கள், ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளலாம். புழுக்கையோடு ஆட்டு மூத்திரமும் மண்ணில் இறங்குகிறதே, அதுதான் கிடையின் லாபம். ‘ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம்’ என்பது வாய்ச்சொல் இல்லை, தக்காளியில் கண்ணால் பார்க்கலாம்.

பாத்தி நாலடி அகலம், இரண்டு பக்கமும் நின்று கை எட்ட வேண்டும். நடப்பதற்கு ஒன்றரை அடி. ஒரு தடவை மம்பட்டி போட்டு மேடாக்கினால் பிறகு அதன்மேல் யாரும் மிதிக்கக் கூடாது, பேரப்பிள்ளைகள் உட்பட. சொட்டுநீர்க் குழாயை மூடாக்குக்கு அடியில் ஓட விடுங்கள். சிறு, குறு விவசாயிக்கு அதற்கு அரசின் முழு மானியம் உண்டு, தாசில்தார் அலுவலகத்துச் சான்று வேண்டும்.

இனி மூடாக்கு. காய்ந்த மண்ணை மூடாதீர்கள், தண்ணீர் பாய்ச்சி ஈரம் இறங்கிய பிறகு மூடுங்கள். நாலு விரற்கடை கனம். தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் விட்டுப் போட்டால் அழுகல் வராது. மக்காத புது வைக்கோல் மட்டும் போட்டால் முதல் தடவை செடி வெளிறும், அடியில் ஆட்டுப் புழுக்கை தூவிவிட்டுப் போடுங்கள். ஆடிக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக அடிக்கத் தொடங்கினால் வாழைச்சருகு அடுத்தவர் வயலுக்குப் போய்விடும். மேலே தென்னை மட்டையைக் குறுக்கே போட்டு அமுக்குங்கள். ஐப்பசி மழையில் சின்ன வெங்காயப் பாத்தியில் மட்டும் மூடாக்கை விலக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அழுகும். இன்னொன்று, மூடாக்குக்குள் கை விடும் முன் கம்பால் ஒரு தட்டுத் தட்டுங்கள். குளிர்ச்சியான இடம் நமக்கு மட்டுமா பிடிக்கும்?

ஜீவாமிர்தம் என்கிற சாணிக் கரைசலை எல்லோரும் சொல்கிறார்கள், நானும் ஊற்றுகிறேன். ஆனால் வெறும் மண்ணில் ஊற்றுவது வீண் என்பது என் கட்சி. பத்து சென்டுக்கு: நாட்டு மாட்டுச் சாணி ஒரு கிலோ, கோமியம் ஒரு லிட்டர், வெல்லம் 200 கிராம், பயற்று மாவு 200 கிராம், வரப்பு மண் ஒரு பிடி, தண்ணீர் 20 லிட்டர். நிழலில் இரண்டு நாள், காலை மாலை கலக்கி, ஈரமான மூடாக்கின்மேல் ஊற்ற வேண்டும்.

ஒரே பாத்தியில் ஒரே பயிர் வேண்டாம். கத்தரி நடுவில், ஓரத்தில் சின்ன வெங்காயம், இடையிடையே தட்டைப்பயறு, நாலு மூலையிலும் கேந்தி (செண்டுமல்லி). கேந்தி வேர் நூற்புழுவைக் குறைக்கும், பூவும் விற்கும். வெண்டையைச் சுற்றி மக்காச்சோளம் இரண்டு வரிசை நின்றால் வெள்ளை ஈ உள்ளே வருவது குறையும். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே சாதி, ஒன்றை எடுத்த இடத்தில் இன்னொன்றை வைக்காதீர்கள். அடுத்து பயறோ சீனியவரையோ (கொத்தவரை) வரட்டும்.

கத்தரியில் குருத்து துவண்டு தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது, அந்த நுனியைக் கிள்ளி எரித்துவிடுங்கள். தினமும் தோட்டத்தைச் சுற்றி வருகிறவருக்கு இது பெரிய வேலை இல்லை. மீறினால் வேப்பமுத்து. ஆனி, ஆடியில் மரத்தடியில் பொறுக்கிக் காய வைத்தது. அந்த முத்தின் பருப்பு அரைக்கிலோவை இடித்து ராத்திரி ஒரு லிட்டர் தண்ணீரில் ஊற வைத்து, மறுநாள் வடிகட்டிப் பத்து லிட்டராக்கி, துளி காதி சோப்பு கரைத்துச் சாயங்காலம் தெளியுங்கள்.

விற்பனைக்கு என் கணக்கு இரண்டு. ஆவணியில் ஓணம். அந்த நேரத்தில் கேரளா வியாபாரிகள் மார்க்கெட்டில் இறங்குவார்கள், தடியங்காயும் (வெண்பூசணி) புடலையும் சேனையும் அதற்குத் தயாராக இருக்க வேண்டும். தையில் பொங்கல். சிறுகிழங்கு இல்லாமல் நம் ஊரில் பொங்கல்படி (பெண்ணுக்குப் பிறந்த வீட்டுச் சீர்) கிடையாது. வைகாசியில் விதைக்கிழங்கை நாற்றங்காலில் ஊன்றி, ஆடி, ஆவணியில் கொடியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி நடுங்கள். கொடி படர்ந்ததும் மண் அணைத்து, மேலே சருகு போட்டுவிட்டால் களையே வராது. மார்கழிக் கடைசியில் தோண்டும்போது கோலி அளவுக் கிழங்குகளை விற்காமல் ஒதுக்கி, மணலோடு கடவப்பெட்டியில் (பனையோலைப் பெட்டி) போட்டு நிழலில் வையுங்கள். வைகாசிக்கு அதுதான் விதை.