கடைசியாக முகம் பார்க்க வருவோருக்காக உடலைத் தயார் செய்தல்

உடல் நம் பொறுப்புக்கு வந்தவுடன், வேறெதையும் தொடுவதற்கு முன்பு, தலைக்கு அடியில் ஒரு கட்டையை வைத்து அதை மார்பைவிடச் சற்று உயர்த்திவிட வேண்டும். இதயம் நின்ற பிறகு இரத்தம் தாழ்வான பகுதிகளில் இறங்கித் தேங்குகிறது. ஏறத்தாழ 8 முதல் 12 மணி நேரத்தில் அந்தக் கருஞ்சிவப்பு நிறம் பெரும்பாலும் நிலைத்துவிடுகிறது. அதுவரை தலை தாழ்ந்தே கிடந்தால் காதும் கன்னமும் கறுத்துவிடும். பிறகு எவ்வளவு பூசினாலும் பூசியதுதான் தெரியும்.

அடையாளப் பட்டையையும் ஆவணங்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, நகைகளைக் குறித்துக்கொண்டு, கையுறையும் மேலங்கியும் அணிந்தபின் உடலைக் கழுவத் தொடங்கலாம். எரியூட்டப்போகும் உடலில் பேஸ்மேக்கர் இருந்தால் அதை முன்னதாகவே அகற்றியாக வேண்டும்; வெப்பத்தில் அது வெடிக்கும்.

கழுவும்போதே விறைப்பைத் தளர்த்த வேண்டும். இறந்த சில மணி நேரத்தில் விறைப்பு முதலில் இமையிலும் தாடையிலும் தெரியும். ஏறத்தாழ 12 மணி நேரத்தில் உடல் முழுவதும் பரவி, ஓரிரு நாளில் தானாகத் தளரும். முழங்கையையும் விரல்களையும் மெல்ல மடக்கி நீட்டிப் பிடித்துவிட்டால் அவை இசைந்துகொடுக்கும். வேகமாக இழுப்பவர் நேரத்தை மிச்சப்படுத்துவதில்லை, தோலைத்தான் கிழிக்கிறார்.

கண்ணையும் வாயையும் அமைப்பதற்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்குங்கள். இமைக்குள் வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் மூடியின் மேற்பரப்பில் சிறு முட்கள் இருக்கும். அவை இமையை நழுவவிடாமல் பிடித்துக்கொள்ளும். இரு இமைகளும் கண்ணின் நடுவில் அல்லாமல் கீழ் மூன்றில் ஒரு பங்கில் சந்திக்க வேண்டும், ஏனெனில் தூங்குபவரின் கண் அப்படித்தான் மூடியிருக்கும். பல்செட் இருந்தால் கேட்டு வாங்கிப் பொருத்திய பிறகே தாடையைத் தைத்து மூட வேண்டும். தையல் முடிச்சை ஒரு நூலளவு அதிகமாக இறுக்கினாலும் உதடு குவிந்து, சாந்தமாக வாழ்ந்தவர் கோபத்தோடு படுத்திருப்பதுபோல் ஆகிவிடும். ஆகவே பற்கள் ஒன்றையொன்று மெல்லத் தொடும் நிலையிலேயே முடிச்சை நிறுத்திவிடுங்கள். உதடும் இமையும் உலர்ந்து சுருங்காமல் இருக்க, அப்போதே கிரீம் தடவுவது நல்லது.

உடல் கெடாமல் இருக்கத் திரவம் செலுத்தும் எம்பாமிங் தேவைப்பட்டால், கழுத்துத் தமனி வழியாகப் பார்மால்டிஹைடு கலந்த திரவத்தைச் செலுத்தி, கழுத்துச் சிரை வழியாக இரத்தத்தை வெளியேற்றுகிறோம். நடுத்தர உடல்வாகு கொண்டவருக்குச் சுமார் 10 லிட்டர் கரைசல் ஆகும். மஞ்சள் காமாலையுடன் இறந்தவரிடம் மட்டும் தனி எச்சரிக்கை தேவை: தோலில் படிந்த மஞ்சள் நிறமி பார்மால்டிஹைடு பட்டுப் பச்சையாக மாறக்கூடும் என்பதால், செறிவு குறைந்த திரவத்தையே பயன்படுத்த வேண்டும். பார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. காற்றை வெளியேற்றும் விசிறி ஓடாத அறையில் இந்த வேலையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

முகச்சவரத்துக்கு முன் குடும்பத்தாரைக் கேளுங்கள், குறிப்பாக மீசையை எடுப்பதற்கு முன். இறந்தபின் முடி வளர்வதில்லை. தோல் உலர்ந்து சுருங்குவதால்தான் வளர்ந்ததுபோல் தோன்றுகிறது. பிளேடு பட்ட சிறு கீறலும் ஆறாது, சில மணி நேரத்தில் பழுப்புக் கோடாக உலர்ந்து நிற்கும்.

அண்மையில் எடுத்த, சாதாரணமாகச் சிரித்திருக்கும் புகைப்படம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அது செல்ஃபியா என்றும் கேளுங்கள், ஏனெனில் சில கைபேசிகள் படத்தை இடவலமாக மாற்றிப் பதிகின்றன. பயிற்சிக் காலத்தில் அப்படியொரு படத்தைப் பார்த்து நான் ஒருவருக்கு வகிட்டை மாற்றி எடுத்துவிட்டேன். உள்ளே வந்த மகள் எதுவும் சொல்லாமல் தன் விரல்களாலேயே அப்பாவின் முடியை மறுபக்கம் ஒதுக்கிவிட்டார். அந்த விரல்களை நான் இன்னும் மறக்கவில்லை.

ஒப்பனையை முடிந்தவரை குறைவாகச் செய்யுங்கள். உயிருள்ள தோலின் சூடு கிரீமை இளக்கும், குளிர்ந்த தோலில் அது திட்டாக நிற்கும். எனவே மெல்லிய படலமாகப் பூசி, காதுமடல், மூக்கு நுனி, விரல் கணு ஆகிய இடங்களில் மட்டும் சிவப்பைச் சிறிது கூட்டினால் போதும். தழும்பையும் மச்சத்தையும் மறைக்க வேண்டாம். வேலை செய்த அறையின் வெள்ளை வெளிச்சத்தில் சரியாகத் தோன்றியது பார்வை அறையின் விளக்கில் மாறிவிடும் என்பதால், அங்கே கொண்டுசென்று, குடும்பத்தார் நிற்கப்போகும் இடத்தில் நீங்களே நின்று ஒருமுறை பாருங்கள்.

கதவைத் திறப்பதற்கு முன், கையைத் தொட்டால் குளிர்ந்தும் இறுகியும் இருக்கும் என்பதை அவர்களிடம் மெதுவாகச் சொல்லுங்கள். குழந்தைகள் வந்திருந்தால் குனிந்து, அவர்களுக்குத் தனியாகச் சொல்லுங்கள்.