ஷஃபீயி கத்கனியைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முகம்மது ரெஸா ஷஃபீயி கத்கனியைக் கவிஞர் ஒருவர், பேராசிரியர் வேறொருவர் என்று பிரித்துப் பார்ப்பதுதான் பெரிய தவறு. அப்படிப் பார்த்தால் இருவருமே கைநழுவிப் போவார்கள். ஈரானின் கொராசான் பகுதியில், நிஷாபூர் வட்டாரத்துக் கத்கனில் 1939இல் பிறந்தவர் அவர். தெஹ்ரான் பல்கலைக்கழகப் பேராசிரியராக, நிஷாபூரின் பழம்பெரும் சூஃபிக் கவி அத்தாரின் காவியங்களைப் பழைய கையெழுத்துப் பிரதிகளோடு ஒப்பிட்டுப் பதிப்பித்தார். 1971இல் வந்த அவரது புகழ்பெற்ற கவிதைத் தொகுப்பின் தலைப்பிலும் நிஷாபூரின் தோட்டத்துத் தெருக்களே இருக்கின்றன. ஆய்வும் கவிதையும் ஒரே மண்ணில் வேர்விட்டவை.

சூஃபி நூல்களைப் பதிப்பித்தவர் என்பதால் அவருடைய கவிதை முழுவதையும் ஞானக் கவிதையாக வாசித்துவிடுவது அடுத்த தவறு. ஈரானியர் பலருக்கு மனப்பாடமான ஒரு கவிதையில், பாலை நிலத்து முட்செடி காற்றிடம் எங்கே இத்தனை அவசரம் என்று கேட்கிறது. தனக்கும் போக ஆசைதான், கால்கள் கட்டப்பட்டிருக்கின்றன என்கிறது. இந்த அச்சப் பாலையைத் தாண்டினால் பூக்களுக்கும் மழைக்கும் எங்கள் வணக்கத்தைச் சொல் என்று வழியனுப்புகிறது. இறைவனைத் தேடும் ஆன்மா என்று இதற்கு உரை சொன்னால், ஈரான் மன்னர் ஷாவின் தணிக்கைக் காலத்தில் எழுதியவருக்கும் அன்றைய வாசகருக்கும் அநியாயம் செய்தவர்களாவோம். பேச முடியாதவர்களின் குரல் அது.

பாரசீகப் புதுக்கவிதை என்ற பெயரைக் கேட்டதும் யாப்பே இல்லை என்று முடிவு கட்டுபவர்களும் உண்டு. அதன் முன்னோடியான நீமா யூஷீஜ் அடிகளின் நீளத்தைத்தான் தளர்த்தினார். அரூஸ் எனப்படும் மரபான சந்தம் அப்படியே இருந்தது. அதை முற்றாக விட்டவர் அவருக்குப் பின் வந்த கவிஞர் அஹ்மத் ஷாம்லூ. கத்கனி மரபான கஜலில் தொடங்கி நீமாவின் வழிக்கு வந்தவர். சந்தத்தை உள்ளிருந்து அறிந்ததால்தான் கவிதையின் இசையைப் பற்றித் தனி நூலே எழுத முடிந்தது. மொழிபெயர்ப்பில் அந்த ஓசை மறைந்துவிடுவதால், ஓரிரு கவிதைகளையாவது பாரசீகத்தில் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

கவிதைகளை எம். ஸெரெஷ்க் என்ற புனைபெயரில் வெளியிட்டார் என்பதை மறந்தால் பாதி படைப்பு கண்ணில் படாது.

அவரது அக்கறை ஈரானோடு நின்றுவிட்டதாக நினைப்பதும் பிழை. டெல்லியில் 1720இல் மறைந்த பாரசீகக் கவி பேதிலை ஆப்கானியர் கொண்டாடினார்கள். ஈரானில் அவரை வாசித்தவர் குறைவு. 1980களில் கத்கனி எழுதிய நூல் பேதிலை ஈரானிய வாசகரிடம் கொண்டுசேர்த்தது. இந்திய வாசகர்கள் அங்கிருந்தே தொடங்கலாம்.